பிறவிக் காப்பும் எச்.ஐ.வி.யும்

எச்.ஐ.வி. கிருமி சரீரத்தில் புகுந்த பின்னும், மருந்து ஏதும் உட்கொள்ளாமலே பத்து ஆண்டுகளுக்கு மேல் நோய்க்குறி தோன்றாமல் வாழ்கின்ற மிகச் சிலர் உலகில் உண்டு என்பது உண்மையே. ஆயினும், அச்செய்தியை அரைகுறையாகக் கேள்வியுற்று, “என் ரத்தம் கெட்டியானது, எனக்கு ஒன்றும் வராது” என்று தமக்குத் தாமே தைரியம் சொல்லிக்கொண்டு, பரிசோதனையையும் சிகிச்சையையும் தள்ளிப்போடுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகும்.

அந்தச் சிலருக்கு வாய்த்த காப்பு எத்தகையது? நம்முடைய ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்னும் மரபணுக் கூட்டம் அமைந்திருக்கிறது; பாதி தாய்வழியாகவும் பாதி தந்தைவழியாகவும் வந்து சேரும் அது, ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவது. கிருமி புகுந்த உயிரணு, தன்னுள்ளே உற்பத்தியாகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக்காட்ட, அவற்றை இனங்கண்டு அவ்வுயிரணுவை அழிக்கும் வேலையைச் சி.டி.8 என்னும் வெள்ளணுக்கள் செய்கின்றன. எந்தத் துணுக்கு வெளியே காட்டப்படும் என்பதோ நாம் பெற்ற எச்.எல்.ஏ. வகையைப் பொறுத்தது. பி-57, பி-27 ஆகிய வகைகளை உடையவர்களிடம், கிருமியால் எளிதில் மாற்றிக்கொள்ள இயலாத துணுக்குகள் காட்டப்படுவதால் நோய் மெல்ல முற்றுகிறது. பி-35 வகையில் சில உட்பிரிவுகளை உடையவர்களிடமோ அது விரைந்து முற்றுகிறது.

ஆனால் கிருமி சும்மா இருப்பதில்லை. நாளொன்றுக்குப் பல நூறு கோடிப் பிரதிகளாகப் பெருகுவதும், பிரதி எடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளாததும் அதன் இயல்பாதலால், அப்பிழைகளில் ஏதோ ஒன்று அதற்குத் தப்பும் வழியாக அமைந்துவிடுகிறது. பி-57 உடையவரின் சரீரத்தில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கிருமியின் உட்கூட்டை அமைக்கும் புரதத்தில் 242-ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலம் அஸ்பராஜினாக மாறிவிடுகிறது. இந்த ஒரே மாற்றத்தால் வெள்ளணுக்களின் பார்வையிலிருந்து தப்பிவிடும் கிருமி, அதற்கு விலையாகத் தன் பெருகும் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. அதே கிருமி பி-57 இல்லாத வேறொருவரைச் சென்றடைந்தால், அங்கே அந்த வேஷம் அவசியமில்லாமற் போகவே, நாளடைவில் 242-ஆம் இடத்தில் பழைய திரியோனினே திரும்பி வந்துவிடுகிறது என்பதை 2004-இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

எல்லா மாற்றங்களும் இவ்வாறு திரும்புவதில்லை. பெருகும் ஆற்றலைக் குறைக்காத மாற்றங்கள் ஜனசமூகத்திலேயே நிலைத்துவிடுகின்றன. எச்.எல்.ஏ. வகைக்கும் கிருமியின் மாற்றத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தம் தனி மனிதரோடு நிற்பதன்று, சமூக அளவிலேயே தென்படுவது என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளிப்படுத்தினார்கள். பி-51 வகை மிகுதியாக உள்ள ஜப்பானில், அவ்வகையினின்று தப்பும் கிருமியே பெருவழக்காகிவிட்டதால், முன்பு காப்பாக இருந்த பி-51 பிற்காலத்தில் பயனற்றுப்போயிற்று. தொற்று மிகப் பரவிய போட்ஸ்வானாவிலும், பி-57 உடையவர்களுக்கு எதிர்பார்த்த அனுகூலம் காணப்படவில்லை. முன்னோர் தந்த காப்பு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் தேய்கிறது.

இவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்துவது குழந்தைகளின் நிலை. தாயின் எச்.எல்.ஏ.யில் பாதியைப் பெற்றுப் பிறக்கும் குழந்தைக்கு அவளிடமிருந்தே கிருமியும் வந்து சேருமாயின், அக்கிருமி அதே காப்பினின்று தப்பக் கற்றுக்கொண்டதாகவே வருகிறது. சிகிச்சை இன்றேல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் அபாயம் நூற்றுக்கு 15 முதல் 45 வரை. முறையான சிகிச்சையால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கர்ப்பிணி எவரும் எச்.ஐ.வி. பரிசோதனையைத் தவிர்க்கலாகாது என்று வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமோ?

மருந்து விஷயத்திலும் இந்த மரபணு குறுக்கிடுகிறது. பி-57-இன் 01 உட்பிரிவை உடையவர்கள் அபாகவிர் என்னும் மருந்தை உட்கொண்டால், பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் முதலியவை தோன்றலாம். அவ்வாறு தோன்றியதால் நிறுத்திய மருந்தை மறுபடியும் உட்கொள்வது மரணத்தையே விளைவிக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை ஒன்றினால் இவ்வாபத்தை முன்கூட்டியே தவிர்த்துவிடலாம் என்பது 2008-இல் 19 தேசங்களைச் சேர்ந்த நோயாளிகளிடையே நடந்த ஆய்வில் ருசுவாயிற்று. ஆகவே, அபாகவிர் எழுதிக்கொடுக்கப்பட்டால், “இந்தப் பரிசோதனை எனக்கு வேண்டுமா?” என்று வைத்தியரைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கிருமியின் மாறும் வித்தைக்கு மாற்று, அதைப் பெருகவே விடாத கூட்டு மருந்துதான். பிரதி எடுக்காத கிருமிக்குப் பிழை செய்யவும் வழியில்லை. மருந்தை விட்டு விட்டு உட்கொள்வதோ அதற்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். நாள் தவறாது மருந்துண்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து, உடலுறவின் வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. இந்தியாவில் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் இம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவருடைய சம்மதமின்றி அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதும், தொற்றுள்ளவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதும் கூடா. அவரது நிலையை ரகசியமாகக் காப்பது கடமை. உத்தியோகம், கல்வி, வைத்தியம், வாடகை வீடு ஆகியவற்றில் அவரை ஒதுக்குவது சட்டவிரோதம். இழைக்கப்பட்ட அநீதியை மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டால், 30 நாட்களுக்குள்ளும், அவசர சிகிச்சை மறுக்கப்பட்டதாயின் கூடியவரை 24 மணி நேரத்துக்குள்ளும் அவர் உத்தரவிட வேண்டும். சந்தேகம் உடையவர்கள் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லுங்கள். அல்லது 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் கேளுங்கள்.