தார்த் தளம் கறுப்பாக இருக்கும்போதே கவனியுங்கள்



கடைக்கு வருடந்தோறும் வெள்ளையடிக்கிறோம். தராசுக்கு முத்திரை போடுகிறோம். வேனுக்குத் தவறாமல் ஆயில் மாற்றுகிறோம். மூட்டை வந்து இறங்கும் தரைக்கு மட்டும் எதுவும் செய்வதில்லை. பள்ளம் விழுந்து, அதில் தள்ளுவண்டி சாய்ந்து, ஒரு எண்ணெய் டின் ஒழுகிய பிறகுதான் அப்படி ஒரு தரை இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது.

எங்கள் கிட்டங்கி வளாகத்தின் பொது முற்றத்துக்குப் பராமரிப்பு நிதி ஒதுக்கலாமா என்று அண்மையில் பேச்சு எழுந்தது. தார் போட்டு நான்கு வருடம் ஆகிறது. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. "நல்லா இருக்கிற தளத்துக்கு எதுக்கு அண்ணாச்சி செலவு? உடையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வியாபாரி என்றால் செலவுக்குக் காரணம் கேட்கத்தான் வேண்டும். அந்தக் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

தார் எப்படிக் கெடுகிறது?

நாம் தார் என்று சொல்வது இன்றைக்கு, கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன்தான். நம் சென்னை மணலி ஆலையிலும் அது தயாராகிறது. போட்டு முடித்த தளத்தை எடை போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான் தார் இருக்கும். மீதி எல்லாம் ஜல்லியும் கல்துகளும். கடலை மிட்டாயில் வெல்லப்பாகு செய்யும் வேலையை இந்த ஐந்து பங்கு செய்கிறது. ஜல்லியைப் பிடித்து வைக்கிறது. மழைத் தண்ணீரைக் கீழே விடாமல் தடுக்கிறது.

வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு இந்தப் பாகு முற்றிப் போகிறது. கறுப்பாக இருந்த தளம் சில கோடைகளில் சாம்பல் நிறமாக மாறுகிறதே, அதற்குத் தூசியை மட்டும் குறை சொல்ல முடியாது. தார் வறண்டு விறைக்கிறது என்பதற்கு அது அடையாளம். விறைத்த தார் லாரிப் பாரத்துக்கு வளைந்து கொடுக்காது. நூல் நூலாக வெடிக்கும். அந்த நூல்தான் வாசல். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகிறது.

தாருக்கு அடியில் ஜல்லிப் படுகை, அதன் கீழ் கிராவல், அதற்கும் கீழே மண். லாரியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது இந்த அடிப்பாகமே. அங்கே ஈரம் ஏறினால் பிடிப்பு விட்டுவிடும். சக்கரம் ஏறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தண்ணீர் சேற்றோடு வெடிப்பு வழியாக மேலே பீச்சும். மழைக்காலத்தில் உங்கள் முற்றத்தில் வெடிப்புகளின் ஓரம் செம்மண் நிறத்தில் கறை தெரிந்தால், அடியில் இருந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். ஒரு துண்டு பெயரும். அதுதான் பள்ளம்.

அமெரிக்கச் சாலைப் பொறியாளர்கள் வெகுகாலமாக ஒரு கணக்குச் சொல்லி வருகிறார்கள். தளத்தின் ஆயுளில் முதல் முக்கால் பங்குக் காலத்தில் தரம் 40 சதவீதம்தான் குறைகிறது. அடுத்த 40 சதவீதமோ அதன் பின் வரும் 12 சதவீதக் காலத்துக்குள் போய்விடுகிறது. சரியும் முன் 1 டாலரில் முடிகிற வேலைக்குச் சரிந்த பின் 6 முதல் 10 டாலர் வரை ஆகும் என்பார்கள். இந்த விகிதம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். அங்கே வெடிப்பில் நிற்கும் தண்ணீர் பனியாக உறைந்து தளத்தைப் பிளக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நிதானமாகத் தேய்ந்து, பிறகு சட்டென்று விழும் என்பதில் எந்த ஊர்த் தார்ரோட்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

நம் பேரேட்டில் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு, முற்றத்துக்குத் தார் போட 10 லட்ச ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறெடுத்தும் பாராமல் விட்டால் 7 வருடம் உழைக்கிறது. வருடத்துக்குச் சுமார் 1,43,000 ரூபாய். அதே தளத்துக்கு வருடம் 30,000 ரூபாய் செலவு செய்து, 12 வருடம் உழைக்க வைத்தால், பராமரிப்பையும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 1,13,000 ரூபாய். வருடத்துக்கு 30,000 மிச்சம். இவை என் உதாரண எண்கள். உங்கள் இடத்துக்கு வாங்கிய விலைப்புள்ளியையும் உங்கள் ஊர் அனுபவத்தையும் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தளம் உடைவது எந்த மாதத்தில்? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பள்ளம் விழுவதும் அப்போதுதான். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதும் அப்போதுதான். ஈரத் தரையில் சூடான தார்க் கலவையைப் போட முடியாது. ஆக நவம்பரில் விழுந்த பள்ளத்தோடு பொங்கல் வியாபாரம் வரை ஓட்ட வேண்டும். சீனி மூட்டை சேற்றில் விழும். முட்டை அட்டை ஆடும். லாரிப் பட்டை ஒடிந்தால் அடுத்த முறை அந்த டிரைவர் நம் முற்றத்துக்குள் வர யோசிப்பார். ரோட்டிலேயே நிறுத்தி இறக்கச் சொல்வார். சுமை தூக்குபவர்கள் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். கேட்பதும் சரிதான், கால் பிசகினால் போவது அவர்கள் இடுப்பு. இவையெல்லாம் 'சேதாரம்', 'இறக்கு கூலி' என்று வேறு வேறு தலைப்பில் பேரேட்டில் ஏறுகின்றன. தரையின் பெயரில் ஒரு பைசாகூட எழுதப்படாததால் தரை நமக்குச் செலவு வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

பாரமும் எண்ணெயும்

1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊரருகே தனியாகச் சாலை போட்டு, லாரிகளை ஓட விட்டு, ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது அதில் தெரிந்த பெரிய உண்மை. நம் நாட்டில் 2018-ல், நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. பார்க்க எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். மேற்சொன்ன கணக்கில் போட்டால் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. சட்டப்படி வரும் லோடுக்கே இந்தக் கணக்கு. அளவுக்கு மேல் ஏற்றி வரும் லாரியை "ஒரு நடை மிச்சம்" என்று வரவேற்கிறவர்கள் தங்கள் முற்றத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மளிகை வியாபாரிகளுக்கென்றே இன்னொரு விஷயம். டீசலும் மண்ணெண்ணெயும் தாரைக் கரைக்கும் என்பது பலருக்குத் தெரியும். சமையல் எண்ணெயும் தாரை இளக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. கடலை எண்ணெய் டின் ஒழுகிய இடத்தில் சில வாரம் கழித்துக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். ஜல்லி தனியாகப் புரளும். எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்ச வைத்து, அள்ளியெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். டின் இறக்குகிற இடமும் லாரி மணிக்கணக்கில் நிற்கிற இடமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், அந்த அளவுக்கு மட்டும் கான்கிரீட் போட்டுவிடுவது உத்தமம். நிற்கிற பாரத்தில் வெயில் நேரத்துத் தார் குழிந்து போகும்; கான்கிரீட்டுக்கு அந்தக் குறை இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை தண்ணீரை ஓட வைப்பது. பத்தடி அகலத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். வாட்டம் சரியாக இருந்தும் வாய்க்கால் வாயில் சாக்குத் துணியும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் பயனில்லை. இதற்குச் செலவு ஒரு ஆள் கூலி.

அடுத்தது வெடிப்பை அடைப்பது. காற்று அடித்து மண்ணை வெளியேற்றி, காய்ந்த வெடிப்பில் சூடான தாரோ, ரப்பர் கலந்த தாரோ, எமல்ஷனோ ஊற்ற வேண்டும். மண்ணைச் சுத்தம் செய்யாமல் மேலே ஊற்றிப் போவது கண்துடைப்பு. இந்த ஒரு வேலைக்காவது நீங்களோ உங்கள் கணக்குப்பிள்ளையோ பக்கத்தில் நிற்க வேண்டும்.

பரவலாகத் தளம் வெளிறிப் போயிருந்தால் தண்ணீர் கலந்த எமல்ஷனைத் தெளிக்கலாம். சற்று அதிகம் தேய்ந்திருந்தால் எமல்ஷனும் கல்துகளும் கலந்த குழம்பை மெல்லிய பூச்சாகப் பரப்பலாம். மைக்ரோ சர்ஃபேசிங் என்ற முறையில் 4 முதல் 8 மில்லிமீட்டர் கனம் போதும். எமல்ஷனுக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. போடும்போது காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாகும். கறுக்கும் முன் வண்டியை விட்டால் வேலை பாழ்.

இதில் ஒரு எச்சரிக்கை. முதலைத் தோல் போல வெடித்துவிட்ட இடத்துக்கு இந்தப் பூச்செல்லாம் வீண். அழுகிய வெங்காயத்தைப் புதுச் சாக்கில் மாற்றிக் கட்டுவது போன்றது. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, அடிவரை தோண்டி, கெட்டித்து, புதிதாகத்தான் போட வேண்டும். பராமரிப்பு என்பது நல்ல தளத்துக்குத்தான்.

இன்னொன்று, பக்கத்து ரோடு வேலையில் மீந்த கலவையைச் சகாய விலைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்கள். எங்கள் பக்கம் ஒரு மண்டிக்காரர் அப்படி வாங்கிப் போட்டார். சூடு ஆறிய கலவை, ரோலர் ஓடியும் இறுகவில்லை. அடுத்த மழைக்கு ஜல்லி தனியே கிடந்தது. சாதாரணமாக உபயோகிக்கும் தார் வகையில், பரப்பும்போது 140 டிகிரிக்கும், உருட்டும்போது 90 டிகிரிக்கும் குறையாத சூடு வேண்டும். வெப்பமானி இல்லாமல் வருகிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே பராமரிப்பையும் எழுதி வாங்கலாம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்தக்காரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது விதி. அரசாங்கம் கேட்டு வாங்குவதை நாம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பஜார் ரோடு

கடைக்கு முன்னால் இருக்கும் ரோடு நம்முடையதல்ல. நாமாகக் கை வைக்கவும் முடியாது. ஆனால் அதன் பலன் நம் கடைக்குள்தான் வருகிறது. பழைய தளத்தின் மேலேயே ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று ஏற்றி ஏற்றி, மூன்று படி ஏறிப் போன கடைகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் அரிசிச் சிப்பத்தைப் பலகை மேல் அடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் முன்பே சங்கத்தின் மூலம் இதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ரோலர் வந்து நின்ற பிறகு வாக்குவாதம் செய்து பயனில்லை. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளங்களை அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடினார்களா என்பதையும் அப்போதே பார்த்துக் கேட்க வேண்டும். நல்ல ரோடுகள் பல அந்தக் கோடுகளில்தான் முதலில் அமுங்குகின்றன.

எப்போது பார்ப்பது?

கோடை மழையோ ஆடி மாதத்து மழையோ ஒன்று பெய்து நின்றதும், வெயில் வந்து ஒரு மணி நேரம் கழித்து முற்றத்தைச் சுற்றி வாருங்கள். தளம் முழுவதும் காய்ந்து, வெடிப்புகள் மட்டும் ஈரக் கோடுகளாகத் தெரியும். காய்ந்த நாளில் கண்ணுக்குத் தட்டுப்படாத வெடிப்புக்கூட அப்போது தப்பாது. சாக்பீஸால் கோடு போட்டு, டேப் வைத்து மொத்த நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெடிப்பு அடைக்கும் வேலைக்கு அந்த நீள அடிக்குத்தான் விலை கேட்க வேண்டும். முற்றத்தின் சதுர அடிக்கு விலை சொல்கிறவரை அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுங்கள். வேலை ஆவணி முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும்.