முதலீட்டுக்கு முந்தியது முடிவுரிமை
அமெரிக்கப் பூர்வகுடி நிலங்களின் தொழில் வளர்ச்சி குறித்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கூட்டாட்சி அரசின் ஏற்பைப் பெற்ற பூர்வகுடி இனங்கள் 570க்கும் மேற்பட்டவை. அவற்றுக்காகவும் அவற்றின் மக்களுக்காகவும் ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் ஏக்கர் நிலத்தை அவ்வரசு தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் யுரேனியமும் இந்நிலத்தின் பல பகுதிகளில் மிகுந்திருக்க, அதன் மேல் வாழும் மக்களோ அந்நாட்டின் மிக வறியவர்களோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்துள்ளனர். மூலதனமும் தொழிலறிவும் அங்கே வந்து சேராததே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் விளக்கம் கூறப்பட்டது. ஆனால் அவை இரண்டும் வந்து சேர்ந்த இடங்களிலும் வறுமை நீங்காதிருந்ததை நோக்கினால், அவை எவருடைய முடிவின்படி, எவ்வகை நிபந்தனைகளோடு வந்தன என்பதே தலையாய கேள்வி என்பது புலனாகும்.

அடமானம் வைக்க இயலாத மண்

இந்நிலங்கள் பொறுப்பாண்மை நிலங்கள் எனப்படும். அதாவது, பட்டா கூட்டாட்சி அரசின் பெயரிலும் பயன் பூர்வகுடிகளுக்கு உரியதாகவும் இருக்கும் நிலங்கள். 1887ஆம் ஆண்டின் பொது நிலப்பங்கீட்டுச் சட்டம் இனங்களின் கூட்டு நிலத்தைத் தனியாள் பங்குகளாகப் பிரித்து, எஞ்சியதை வெளியாருக்குத் திறந்துவிட்டதன் விளைவாக, 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934க்குள் 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. இந்தப் பேரிழப்பை நினைவிற்கொண்டால், நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அரசின் இசைவு வேண்டும் என்னும் கட்டுப்பாடு ஒரு காப்பரண் என்பதை மறுக்க முடியாது.

எனினும், அதே காப்பரண் தொழில் முனைவோருக்கு மதிலாகவும் நிற்கிறது. ஈடாகக் கொள்ள இயலாத நிலத்தின் பேரில் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. பங்கீட்டின்போது தனியாளுக்குக் கிடைத்த துண்டு நிலம் தலைமுறை தோறும் வாரிசுகளிடையே பிளவுபட்டு, ஒரே துண்டுக்குப் பல பத்துப் பேர் உரிமையாளராகிவிட்டமையால், ஒரு குத்தகைக்குக்கூடப் பெருந்தொகையினரின் ஒப்புதலைத் தேட வேண்டியிருக்கிறது. உள்துறையின் கீழுள்ள, பூர்வகுடியினரை ‘இந்தியர்’ என்னும் பழைய வழக்கால் குறிக்கும் இந்திய விவகாரப் பணியகம் ஆவணங்களைப் பரிசீலிக்க எடுத்துக்கொள்ளும் காலமும் சிறிதன்று. நாடாளுமன்றத்துக்குத் துணைநிற்கும் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, ஓர் இனத்தின் எரிசக்தி ஆவணங்கள் சில எட்டு ஆண்டுகள் வரை தேங்கிக் கிடந்ததையும், அதனால் 9 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருவாயை இழந்ததாக அவ்வினம் மதிப்பிட்டதையும் எடுத்துக்காட்டியது.

முதலீடு வந்தும் வாழ்வு வராத வரலாறு

இத்தனை தடைகளையும் கடந்து பெருநிறுவனங்கள் நுழைந்த நிலம் நவஹோ இனத்தாருடையது. 1964இல் பிளாக் மேசா பகுதியின் நிலக்கரிக்காகப் பீபாடி நிறுவனத்தின் முன்னோடி நிறுவனத்தோடு செய்துகொள்ளப்பட்ட குத்தகையில், உரிமைத்தொகை, அதாவது வெட்டியெடுக்கும் கனிமத்துக்கு நில உரிமையாளர் பெறும் பங்கு, டன்னுக்கு 37.5 சென்ட்டை மிஞ்சாதவாறு வரையறுக்கப்பட்டது. நிலக்கரியின் விலை ஏறிய போதும் அந்தத் தொகை ஏறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைத் திருத்தும் வாய்ப்பு வந்தபோது, நிலக்கரியின் மதிப்பில் 20 விழுக்காடு வழங்க வேண்டும் என்று பணியகத்தின் வட்டார அதிகாரி தீர்மானித்தார். ஆயினும் அந்தத் தீர்மானம் மேலிடத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, இறுதியில் 12.5 விழுக்காட்டுக்கு நவஹோ அரசு இணங்க நேர்ந்தது. பொறுப்பாளராகிய கூட்டாட்சி அரசு தன் கடமையில் தவறியது என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2003இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

யுரேனியத்தின் கதை இதனினும் கொடிது. 1944 முதல் 1986 வரை நவஹோ மண்ணிலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் தாது எடுக்கப்பட்டபின், கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூற்றுக்கும் மேல் எஞ்சின. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பங்களும் கதிர்வீச்சின் தீங்கை உடலில் சுமந்தனர். 2005இல் நவஹோ அரசு தன் நிலத்தில் யுரேனியம் எடுப்பதையே சட்டத்தால் தடுத்தது. இங்கே மூலதனத்துக்கும் பொறியியல் அறிவுக்கும் குறையிருக்கவில்லை; அந்த அறிவு முழுவதும் மேசையின் ஒரு பக்கத்திலேயே அமர்ந்திருந்தது என்பதே குறை.

கடிதம் எழுதிய சொக்டாக்கள்

மேசையின் மறுபக்கத்தில் தாமே அமர முனைந்தோரும் உண்டு. கூட்டாட்சி அரசோடு செய்த 1830ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப்பின் பெரும்பான்மையோர் மேற்கே அகற்றப்பட, மிசிசிப்பி மாநிலத்திலேயே தங்கிவிட்ட சொக்டா இனத்தார் நெடுங்காலம் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுது பிழைத்தவர்கள். ஃபிலிப் மார்ட்டின் என்னும் தலைவரின் முயற்சியால் 1973இல் அவர்கள் ஒரு தொழிற்பேட்டையை அமைத்தனர். எனினும் சில ஆண்டுகள் அது வெறுமையாகவே கிடந்தது. ஏறத்தாழ 150 நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களின் பயனாக ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவாகிய பேக்கார்டு எலெக்ட்ரிக் முன்வந்தமையால், 1979இல் மோட்டார் வாகன மின்கம்பித் தொகுப்புகளைச் செய்யும் ஆலை தொடங்கியது. அடுத்ததாக அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் என்னும் வாழ்த்து அட்டை நிறுவனம் வர விரும்பிய போது, வரிவிலக்குள்ள கடன்பத்திரம் வெளியிடும் உரிமை பூர்வகுடி அரசுகளுக்கு அப்போது இல்லாமையால், அருகிலுள்ள பிலடெல்பியா நகரின் வாயிலாக 1981இல் 50 லட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. இவ்வாறு தொடங்கிய சொக்டாக்கள் பின்னாளில் அந்த மாநிலத்தின் பெரும் வேலையளிப்போருள் ஒருவராயினர். கைவேலைக்குக் குறைந்த கூலி தேடித் தொழில்கள் மெக்சிகோவுக்குப் பெயர்ந்தபோது, அவர்களே அங்கும் ஓர் ஆலையை நிறுவினர்.

நிறுத்திக் கற்ற யூட்டுகள்

கொலராடோவின் தென்மேற்கு மூலையில் வாழும் சதர்ன் யூட் இனத்தின் வழி இன்னும் ஆழ்ந்து பயிலத்தக்கது. பழைய குத்தகைகள் தமக்கு என்ன தருகின்றன என்பதையே தம்மால் அறிய முடியவில்லை என்பதை உணர்ந்த அவர்கள், லியோனார்டு பர்ச்சின் தலைமையில் 1974இல் புதிய எரிசக்திக் குத்தகைகளை நிறுத்திவைத்தனர். அந்த இடைவெளியில் எந்தக் கிணறு எவரிடம் உள்ளது, எவ்வளவு உற்பத்தியாகிறது, எவ்வளவு உரிமைத்தொகை வந்து சேர வேண்டும் என்னும் தரவுகளைத் திரட்ட 1980இல் தமக்கென ஓர் எரிசக்தி அலுவலகம் அமைத்தனர். கூட்டு முயற்சி ஒப்பந்தங்களுக்கு வழிவிட்ட 1982ஆம் ஆண்டின் இந்தியக் கனிம மேம்பாட்டுச் சட்டம் வந்தபோது, கேட்க வேண்டிய கேள்விகள் அவர்கள் கையில் ஆயத்தமாக இருந்தன.

1992இல் 80 லட்சம் டாலர் முதலோடு ரெட் வில்லோ என்னும் சொந்த உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கி, தம் நிலத்துக் கிணறுகளின் குத்தகைகளைத் தாமே விலைக்கு வாங்கினர்; எண்ணெய்த் தொழிலில் பழகிய வெளி வல்லுநர்களை ஊதியத்துக்கு அமர்த்தினர். 1994இல் எரிவாயுவைத் திரட்டிச் செல்லும் குழாய்த்தொடரை வெளி முதலீட்டாளரோடு கூட்டாக வாங்கிய போது, 51 விழுக்காட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அரசின் நிலையான சேமிப்பும் தொழில் முதலீடும் தனித்தனி நிதிகளாகப் பிரிக்கப்பட்டன. 2001இல் ஃபிட்ச் தர மதிப்பீட்டு நிறுவனம் அவ்வினத்துக்கு மிக உயர்ந்த கடன் தரத்தை வழங்கிற்று. ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட ஓர் இனம் இன்று பிற மாநிலங்களிலும் மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடலிலும் முதலீடு செய்யும் நிலையில் உள்ளது.

முதலீட்டாளர் தேடுவது எதை?

தம் பணம் அரசியல் மாற்றத்தால் விழுங்கப்படாது என்னும் உறுதியையே முதலீட்டாளர் முதலில் நாடுகின்றனர். 1987 முதல் இத்துறையை ஆய்ந்துவரும் ஹார்வர்டு ஆய்வுத்திட்டத்தின் ஸ்டீபன் கார்னெலும் ஜோசப் கால்ட்டும், கனிம வளத்தைவிடச் சுயாட்சியும் தக்க நிறுவனங்களுமே வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்றும், சார்பற்ற நீதிமன்றமும் அரசியலினின்று பிரிக்கப்பட்ட தொழில் நிர்வாகமும் இன்றியமையாதவை என்றும் கண்டனர். பூர்வகுடி அரசின் மீது அதன் இசைவின்றி வழக்குத் தொடர முடியாது என்பது இறையாண்மை விலக்குரிமை. அதை முற்றிலும் துறக்காமல், குறிப்பிட்ட ஓர் ஒப்பந்தத்துக்கு மட்டும், குறிப்பிட்ட சொத்துகளின் அளவுக்கு மட்டும் தளர்த்தி, பிணக்குகளை நடுவர் முன் வைக்க ஒப்புவதே இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் நெறியாகும். மாநிலமும் பூர்வகுடி அரசும் ஒரே எண்ணெய்க்கு வரி விதிக்கலாம் என 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் எழுந்த இரட்டை வரிச் சுமையை, வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் பெர்த்தோல்டு பகுதியினர் 2008இல் மாநிலத்தோடு வரிப் பகிர்வு உடன்படிக்கை செய்து தணித்தனர். 2012ஆம் ஆண்டின் ஹார்த் சட்டம், உள்துறை ஏற்ற விதிகளை வகுத்துக்கொண்ட இனங்கள் மேற்பரப்புக் குத்தகைகளைத் தாமே வழங்க வழிசெய்தது. நிலத்தடிக் கனிமக் குத்தகைகளுக்கு அது பொருந்தாது.

தொழிலறிவைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வரும் வல்லுநர் திரும்பிச் செல்லும்போது தம் திறனை உள்ளூரில் விட்டுச் செல்கிறாரா என்பதே உரைகல். பூர்வகுடியினருக்கு வேலையில் முன்னுரிமை அளிக்கும் நவஹோ அரசின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், 1968இல் தொடங்கப்பட்டு இன்று டினே கல்லூரி எனப்படும் நவஹோக்களின் சொந்தக் கல்லூரியும் இந்நோக்கில் எழுந்தவை.

மண்ணுக்கு உரியவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், வேண்டும் என்று சொல்வதற்கு முன் கணக்கைச் சரிபார்க்கும் அறிவும் பெற்றிருந்த இடங்களில் முதலீடு வளமாகியது. அவை இல்லாத இடங்களில் அது சூறையாயிற்று. பழங்குடி நிலத்துக்குத் தொழில் கொண்டுவர விழையும் எந்த அரசும் முதலீட்டாளரை அழைக்கும் முன் அம்மக்களின் கையில் இவ்விரண்டையும் ஒப்படைப்பதே அறமாகும்.