ஆட்டக்காரர் விலை 78 லட்சம்!

மாடு ஏலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். மாந்தோப்புக் குத்தகை ஏலமும் பார்த்திருப்பீர்கள்.

மனிதர் ஏலம் போவதைப் பார்த்தது உண்டா?

2024-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி டெல்லியில் அப்படி ஓர் ஏலம் தொடங்கியது. மூன்று நாள் நடந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் ஆக்கி ஆட்டக்காரர்கள். விற்கப்பட்டது ஆள் அல்ல; அவரது ஆட்டம். தாமே விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள்தான் பட்டியலில் இருந்தார்கள்.

ஆண்களுக்கு 8 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 4 கோடி ரூபாய் செலவழிக்க உரிமை. அந்தப் பணத்துக்குள் 24 பேரை எடுக்கவேண்டும். 16 பேர் இந்தியர். 8 பேர் வெளிநாட்டவர். ஏலம் தொடங்கும் விலை மூன்று வகை. 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம்.

இந்திய அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கின் பெயர் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம்தான் பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றிருந்தது. அங்கே 10 கோல் அடித்தவர் அவர். விடுவார்களா? விலை ஏறியது. ஏறிக்கொண்டே போனது. சூர்மா என்ற அணி 78 லட்சம் ரூபாய் கொடுத்து அவரை எடுத்தது.

அவருக்கு அடுத்து அபிஷேக். 72 லட்சம். பெங்கால் டைகர்ஸ் எடுத்தது. ஹர்திக் சிங் 70 லட்சத்துக்குப் போனார். வெளிநாட்டவரில் அதிக விலை கொன்சாலோ பெய்லட்டுக்கு, 68 லட்சம். அவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர். அந்த நாட்டுக்காக 2016-ல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பிறகு ஜெர்மனிக்கு ஆடப் போய்விட்டார்!

தமிழ்நாட்டுக்கும் ஓர் அணி உண்டு. பெயர், தமிழ்நாடு டிராகன்ஸ். அமித் ரோகிதாசை 48 லட்சத்துக்கு எடுத்தது. நெதர்லாந்து நாட்டு ஜிப் ஜான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது.

வெளியே நின்றவர்கள்

விலை போனவர்களின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வந்தது. விலை போகாதவர்கள்?

பெயர் கொடுத்த இந்திய ஆண்கள் மட்டும் 600 பேருக்கு மேல். இடமோ, 8 அணிக்கும் சேர்த்து 128. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் பெயர் கொடுத்தால் நாலு பேர் வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியது இல்லை. கார் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்றால், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் பல மாவட்டங்களில் இருந்து பஸ் ஏறி வருகிறார்கள். கையில் மார்க் பட்டியல். அதைப் பார்த்துத்தான் முதலில் ஆளைப் பிரிக்கிறார்கள். மார்க் நிறைய வாங்கியவன் நன்றாக வேலை செய்வானா? அது மூன்று மாதம் கழித்து லைனில் நிற்கும் சூப்பர்வைசருக்குத்தான் தெரியும். வாசலில் இருப்பவருக்குத் தெரியாது.

ஆக்கியிலும் அதே கதைதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு இடமும் விலையும் குறிக்கிறார்கள். சில சமயம் சரியாக இருக்கிறது. சில சமயம் சிரிப்பாக முடிகிறது.

முதல் ஏலம்

இந்த ஏலம் புதிதல்ல. இந்திய ஆக்கி லீக்கின் முதல் போட்டி 2013-ல் நடந்தது. அப்போது அணிகள் ஐந்துதான். விலை டாலர் கணக்கு. அன்று அதிக விலைக்குப் போனவர் சர்தார் சிங். எவ்வளவு தெரியுமா? 78 ஆயிரம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 42 லட்சம் ரூபாய். (அன்றும் 78, இன்றும் 78. ராசியான எண் போலும்!)

அந்த விலை வீண் போகவில்லை. டெல்லி அணிக்கு ஆடிய சர்தார், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு பெற்றார். அவரது அணி இறுதி ஆட்டம் வரை வந்தது.

பெயர் பெற்ற கோல் வீரர் சந்தீப் சிங்கை மும்பை அணி எடுத்தது. அந்த அணியோ கடைசி இடத்துக்குப் போயிற்று. ஒருவர் அடித்தால் போதுமா? மற்றவர்கள் தடுக்கவேண்டாமா?

கோப்பையை வென்றது ராஞ்சி அணி. டெல்லியை 2-1 என்று தோற்கடித்தது. அந்த அணியில் ஒரு பையன் ஆடினான். போட்டி நடக்கும்போதுதான் 18 வயது முடிந்தது. பெயர் மன்தீப் சிங். பெரிய பெயர்களுக்கு நடுவே அவனை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவன் 10 கோல் அடித்தான்! அதே ஆண்டு இந்திய அணியில் இடம் கிடைத்தது. டோக்கியோ, பாரீஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கிய அணியில் அவர் இருந்தார்.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. பாகிஸ்தான் வீரர்கள் 9 பேர் ஏலத்தில் விலை போயிருந்தார்கள். இந்தியாவுக்கு வந்தும் சேர்ந்தார்கள். அந்தச் சமயம் எல்லையில் சண்டை. எதிர்ப்பு கிளம்பியது. 9 பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆட்டம் நன்றாக இருந்தும், விலை இருந்தும், களத்தில் இறங்க முடியவில்லை.

2017-ம் ஆண்டோடு போட்டியே நின்றுபோனது. மறுபடி தொடங்க ஏழு ஆண்டு ஆயிற்று.

அரியலூர்ப் பையன்

அந்த ஏழு ஆண்டில் வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஏலம் வருவதற்கு முன்னால் அவர்களின் அண்ணன்மார் செய்ததையே செய்தார்கள். வேலைக்காக ஆடினார்கள்.

நம் நாட்டில் ஆக்கி வீரனுக்கு நெடுங்காலமாக விலை என்பது ஓர் உத்தியோகம்தான். ரெயில்வே, பாங்கி, போலீஸ், ராணுவம் என்று ஒவ்வோர் இடத்திலும் அணி உண்டு. சென்னையில் பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் அணி உண்டு. இந்தியன் பாங்கிக்கும் உண்டு. நன்றாக ஆடினால் வேலை. மாதச் சம்பளம் வரும். ஆட்டம் போனாலும் சோறு போகாது. 78 லட்சத்துக்கு முன்னால் இது சின்னதாகத் தெரியலாம். ஒரு குடும்பத்துக்கு எது பெரிது என்பதை அந்த வீட்டுத் தாயைக் கேட்டால் சொல்லுவாள்.

செல்வம் கார்த்தி அரியலூரைச் சேர்ந்தவர். ஏழைக் குடும்பம். தந்தை காவலாளி. கார்த்தி பயிற்சி பெற்றது கோவில்பட்டியில், அரசு விளையாட்டு விடுதியில். கடலைமிட்டாய்க்குப் பேர்போன அந்த ஊர் ஆக்கிக்கும் பேர்போனது.

2022 மே மாதம் ஆசியக் கோப்பைப் போட்டி. ஜகார்த்தா நகரம். கார்த்திக்கு அதுதான் இந்தியாவுக்காக முதல் ஆட்டம். எதிரில் யார்? பாகிஸ்தான்! முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோல் கார்த்தியின் கோல்தான். அடுத்த ஆண்டு சென்னையில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், இந்தியா ஆசிய சாம்பியன் கோப்பையை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

2024-ல் ஏலம் மறுபடி வந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

கடைசிக்கே முதல் உரிமை

ஆட்டக்காரரைத் தரம் பிரித்து வாங்கும் இந்த வழக்கத்துக்கு வெளிநாட்டில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையில் ஆக்கி ஆடுகிறார்கள். காலில் சறுக்குச் செருப்பு. பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. அங்கே இளைஞர்களை ஏலம் போடுவது இல்லை. தெருவில் கபடி ஆடும்போது இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்களே, அதே முறை!

1963-ல் மாண்ட்ரீல் நகரில் ஓர் ஓட்டலில் இது தொடங்கியது. 6 அணிகள், 21 பையன்களை எடுத்தன. முதலில் எடுக்கப்பட்ட கேரி மோனகனுக்கு வயது 16.

பிற்காலத்தில் ஒரு விதி வந்தது. போன ஆண்டு கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் உரிமை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? நல்ல பையன் வருகிறான் என்று தெரிந்தால், வேண்டும் என்றே தோற்றுக் கடைசி இடத்துக்குப் போகலாமே! இந்த ஆசைக்கு அணை போட 1995 முதல் குலுக்கல் முறை வைத்தார்கள். காஞ்சீபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த கதை, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டில் இருக்கிறது.

பையன்களைப் பார்த்து வரிசை எண் கொடுப்பதற்கு என்றே 1975-ல் ஓர் அலுவலகம் வைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பார்கள். உயரம், எடை, வேகம் எல்லாம் குறிப்பார்கள். 1993-ல் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன பெயர் அலெக்சாந்தர் டேகிள். ஒட்டாவா அணி முதல் ஆளாக அவரை எடுத்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம்! இரண்டாவதாகப் போனவர் கிரிஸ் பிராங்கர். டேகிள் எதிர்பார்த்தபடி சோபிக்கவில்லை. பிராங்கரோ, 2000-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பரிசை வாங்கினார்.

இன்னொரு கதை. டெட்ராய்ட் அணிக்காக ஹோகன் ஆண்டர்சன் என்பவர் ரஷியாவுக்கு ஆள் பார்க்கப் போனார். பார்க்கப் போனது வேறு ஒரு பையனை. எதிர் அணியில் ஒரு சின்ன உருவம் வட்டைக் கோலில் ஒட்டவைத்ததுபோல் கொண்டுபோனது. பெயர் பாவெல் டட்சுக். 1998-ல் 171-வது ஆளாக எடுத்தார்கள். மறு ஆண்டு சுவீடன் நாட்டு ஹென்ரிக் செட்டர்பெர்க். அவர் 210-வது ஆள்! 2008-ல் டெட்ராய்ட் கோப்பையை வென்றது. அணியின் தூண்கள் இந்த இருவர்தான்.

ஒருவருக்கு ஆறு பேர்

ஆளுக்கு ஆள் மாற்றும் பண்டமாற்றும் அங்கே உண்டு. அதில் மிகப் பெரியது எரிக் லிண்ட்ரோஸ் கதை. 1991-ல் கியூபெக் அணி முதல் ஆளாக அவரை எடுத்தது. "உங்களுக்கு ஆட மாட்டேன்" என்று பையன் மறுத்துவிட்டான்! ஓர் ஆண்டு இழுபறி. கடைசியில் பிலடெல்பியாவுக்கு ஒரு பேச்சு, நியூயார்க்குக்கு ஒரு பேச்சு என்று இருவரிடமும் கியூபெக் பேரம் முடித்துவிட்டது. நடுவர் வைத்துப் பஞ்சாயத்து நடந்தது. தீர்ப்பு பிலடெல்பியா பக்கம்.

அவர் ஒருவருக்கு ஈடாக அந்த அணி கொடுத்தது என்ன? ஆறு ஆட்டக்காரர்கள். அடுத்து வரும் இரண்டு முதல் சுற்று உரிமைகள். மேலே ஒன்றரைக் கோடி டாலர்.

லிண்ட்ரோஸ் நன்றாகவே ஆடினார். ஆனால் தலையில் அடி மேல் அடி. கோப்பை கையில் வரவில்லை. ஈடாகப் போன ஆறு பேரில் ஒருவர் பீட்டர் போர்ஸ்பெர்க். கியூபெக் அணி 1995-ல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. போர்ஸ்பெர்க் அதில் இருந்தார்.

இந்தப் பட்டியல்களைப் பார்த்து அலுத்துப்போன ஒருவரும் இருந்தார். 1974-ல் ஆள் எடுப்பது தொலைபேசியில் நடந்தது. நாள் கணக்கில் இழுத்தது. பபலோ அணியின் மானேஜர் பஞ்ச் இம்லாக்குக்குப் பொறுமை போயிற்று. 183-வது ஆளாக, ஜப்பானில் ஆடும் டாரோ சுஜிமோட்டோவை எடுப்பதாகச் சொன்னார். மறுமுனையில் எழுதிக்கொண்டார்கள். பெயர் அச்சிலும் வந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்படி ஓர் ஆளே கிடையாது!

முடிவு என்ன ஆயிற்று?

டெல்லி ஏலத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி 1-ந் தேதி ரூர்கேலாவில் ஆண்கள் இறுதி ஆட்டம். பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று ஐதராபாத்தை வென்றது. ஐதராபாத்தின் 68 லட்சம் பெய்லட் இரண்டு கோல் அடித்தார். ஆனால் அவரைவிட 20 லட்சம் குறைந்த விலைக்குப் போன ஜுக்ராஜ் சிங், பெங்காலுக்கு மூன்று கோல் அடித்துவிட்டார். 78 லட்சம் ஹர்மன்பிரீத்தின் சூர்மா அணிக்கு மூன்றாம் இடம். தமிழ்நாட்டுக்கு நான்காம் இடம்.

பெண்களுக்கும் முதல் தடவையாக நான்கு அணிகளோடு போட்டி நடந்தது. ஏலத்தில் அதிக விலை உதிதாவுக்கு, 32 லட்சம். ராஞ்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒடிசா அணி 2-1 என்று சூர்மா பெண்கள் அணியை வென்றது. ஒடிசாவின் இரண்டு கோலையும் அடித்தவர் மராட்டியப் பெண் ருதுஜா பிசல்.