காலித் தொட்டி என்று கொட்டிவிடாதீர்கள்!

நம் ஊரில் மார்கழிப் பனியில் நீங்கள் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, நான் குடித்தனம் செய்யும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வெயில் சில நாள் 40 டிகிரியைத் தொடும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பதினோரு தொட்டிகள் வரிசையாக நிழலில் இருக்கும். ஒன்றிலும் ஒரு புல்கூட இராது. வெறும் காய்ந்த மண். வருகிறவர்கள், "என்னங்க இது, மண்ணையா வளர்க்கிறீங்க?" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துக்கொள்வேன். உள்ளே என் செல்வங்கள் தூங்குகின்றன என்பது எனக்கல்லவா தெரியும்!

அழுகண்ணி என்று நம் பக்கத்தில் ஒரு மூலிகை சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். இலை முழுக்கச் சின்னச் சின்ன முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியிலும் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு சொட்டு. பனித்துளி என்று நினைத்துப் பூச்சி வந்து உட்காரும். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அது பசை! முடிகள் மெதுவாக வளைந்து பூச்சியை அமுக்கிக்கொள்ளும். செடி அதிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். இது வளர்கிற மண்ணில் சத்து ஏதும் கிடையாது. அதனால்தான் ஆகாரத்தை இப்படித் தேடிக்கொள்கிறது. மேதை டார்வின் இந்த இனத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்து, பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி 1875ல் ஒரு புத்தகமே எழுதினார்.

உலகத்தில் அழுகண்ணி 200 வகைக்கும் மேல் உண்டு. அதில் மண்ணுக்கடியில் கிழங்கு விடுகிறவை சுமார் 70. அவற்றில் பெரும்பாலானவை மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில்தான் இருக்கின்றன. கோலம் மாதிரி தரையோடு தரையாக விரிபவை சில. பக்கத்துப் புதரைப் பற்றிக்கொண்டு ஆள் இடுப்புக்கு மேல் ஏறுபவை சில. இங்கே மழை மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலத்தில் பெய்யும். அப்போது முளைத்து, பூச்சி பிடித்து, சம்பாதித்ததையெல்லாம் கீழே அனுப்பிப் புதுக் கிழங்காகச் சேர்த்து வைக்கும். கோடை வந்தால் இலை காய்ந்துபோகும். ஆனால் கிழங்கு உயிரோடு இருக்கும். சிக்கனமான இல்லத்தரசி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

என் முதல் தவறு

2016ல் ஒரு செடி விற்பனையில் ஒரு மூதாட்டியிடம் முதல் தொட்டியை வாங்கினேன். ட்ரொசீரா சொனேரியா என்று பெயர். விசிறி மாதிரி இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு இலைக்கும் சிவப்புக் கரை போட்டிருந்தது. அந்தக் கரையைப் பார்த்துத்தான் மயங்கினேன். "கோடையில் செத்த மாதிரி இருக்கும். தண்ணீர் விடாதே" என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார்.

நவம்பரில் இலைகள் பழுத்துக் கருகின. மனசு கேட்குமா? வீட்டில் ஒரு உயிர் வாடும்போது சும்மா இருக்க நமக்குத் தெரியாதே! தினம் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டேன். ஏப்ரலில் முளைக்கவில்லை. மே மாதமும் இல்லை. கொட்டிப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி வெறும் தோல், உள்ளே அழுகல். என் அன்பே அதற்கு எமனாகிவிட்டது.

அடுத்த விற்பனையில் அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. கோடையில் வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு காகிதக் கவரில் காய்ந்த மணலோடு மூன்று கிழங்குகள் போட்டுக் கொடுத்தார். "இந்தத் தடவை கொஞ்சம் சோம்பேறியாக இரு!" என்றார்.

வளர்க்கும் முறை

மண்: பீட் மாஸ் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய சிலிக்கா மணல் இரண்டு பங்கு. எருவோ உரமோ கூடவே கூடாது. தொட்டி ஒரு சாண் ஆழமாவது வேண்டும்.

தண்ணீர்: மழைத் தண்ணீர்தான் நல்லது. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு இதற்கு ஆகாது. வளரும் காலத்தில் தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நல்ல வெளிச்சமும் தேவை. வெளியில் வைத்தால் தன் பூச்சியைத் தானே பிடித்துக்கொள்ளும்; நாம் ஊட்ட வேண்டியதில்லை. ஆனால் கொசுத் தொல்லைக்கு இது மருந்தாகும் என்று எண்ண வேண்டாம்.

ஓய்வு: இலை மஞ்சளாக ஆரம்பித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். மண் தானாகக் காயட்டும். வெயில் நேரடியாகப் படாத இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, அதை மறந்துவிட வேண்டும். சுலபமாகத் தோன்றும். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

பெருக்குதல்: தை மாத வாக்கில், மண் பொடியாகக் காய்ந்த பிறகு, தொட்டியைத் தாளில் கவிழ்த்து மாவு சலிப்பதுபோல் சலிப்பேன். தாய்க் கிழங்கு பட்டாணி அளவில் இருக்கும். அதைச் சுற்றித் துவரம்பருப்பு அளவில் குட்டிக் கிழங்குகள் கிடைக்கும். இவற்றை மூன்று விரல் ஆழத்தில், முளைக்கண் மேலே பார்க்கும்படி புதைத்து, இரவுகள் குளிர ஆரம்பிக்கும் ஏப்ரலில் தண்ணீர் காட்டினால் போதும்.

விதை போட்டும் வளர்க்கலாம். அதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும். சில வகை விதை ஒரு கோடைச் சூட்டையாவது பார்த்தால்தான் முளைக்கும். அப்படியும் இரண்டு வருஷம் காக்க வைப்பதுண்டு. காட்டுத்தீயின் புகை பட்டால் முளைக்கிற வகையும் உண்டு. புகையில் விதையை எழுப்புகிற பொருள் எது என்று பெர்த் ஆராய்ச்சியாளர்களே 2004ல் கண்டுபிடித்தார்கள். என் சொனேரியாவோ பூப்பதே அபூர்வம்; அதுவும் பெரும்பாலும் காடு எரிந்த பிறகுதான். ஆகவே குட்டிக் கிழங்குதான் எனக்கு வழி.

படிப்பு இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். இந்தச் செடிகளைப் பற்றி 1987 முதல் 1998 வரை மூன்று பாகங்களாகப் புத்தகம் எழுதிய ஆலன் லோரி (1948–2021) முதலில் ஒரு வியாபாரி. பொழுதுபோக்காக ஆரம்பித்து, எத்தனையோ புது வகைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு உயர்ந்தவர்.

தோண்டாதீர்கள்

காட்டில் கிடக்கிறதே, ஒன்று தோண்டினால் என்ன என்று தோன்றும். இங்கே அது சட்டப்படி குற்றம். பெர்த் நகரம் விரிய விரிய இந்தச் செடிகள் இருக்கும் பேங்சியா காடுகள் சுருங்கிவிட்டன. 2016ல் ஆஸ்திரேலிய அரசு அந்தக் காடுகளை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலில் சேர்த்தது. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் மழைக்காலத்தில் கிழங்கு அழுகண்ணி ஒன்று தலைகாட்டும். பிறை போன்ற இலை, வெள்ளைப் பூ. மலைக்குப் போகிறவர்கள் குனிந்து பாருங்கள், குழந்தைகளுக்குக் காட்டுங்கள், பிடுங்காதீர்கள். நம் சமவெளிச் சூட்டுக்குக் கொண்டு வந்தால் பிழைக்கவும் பிழைக்காது.

திரும்பிப் போன கவர்

மூன்று கிழங்கு அடுத்த வருஷம் ஏழாயிற்று. அப்புறம் பதினைந்து. ஒவ்வொரு தையிலும் எண்ணி, பாதியை வைத்துக்கொண்டு பாதியைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பேன். "கஷ்டப்பட்டு வளர்த்து இப்படித் தூக்கிக் கொடுக்கிறாயே" என்று இவர் கேட்பதுண்டு.

2022 கோடையில் அந்த மூதாட்டியிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாராம். வீட்டில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்து, தொட்டிகள் மீதே வாரக்கணக்கில் ஒழுகியிருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக வைத்திருந்த சொனேரியாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "உன்னிடம் ஏதாவது இருக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அன்று மாலையே சலித்தேன். நல்ல கிழங்காகப் பார்த்து இருபது பொறுக்கி, ஒரு காகிதக் கவரில் காய்ந்த மணலோடு போட்டு எடுத்துப் போனேன். அவர் கவரைத் திறந்து, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது நான்தான் சொன்னேன்: "தண்ணீர் விட்டுவிடாதீர்கள் அம்மா!" அப்புறம்தான் சிரித்தார்.

கொடுக்காமல் நானே எல்லாவற்றையும் வைத்திருக்கலாம். அவரும் அன்று எனக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அந்தச் சிவப்புக் கரை இலை இரண்டு வீட்டிலும் இல்லாமல் போயிருக்கும். இப்போது இவர் கேட்பதில்லை. தையில் சல்லடையை அவரே எடுத்துத் தருகிறார்.

உங்கள் வீட்டிலும் மழை முடிந்து இலை காய்ந்துபோன சேனையோ, மஞ்சளோ, காந்தள் கிழங்கோ இருந்தால், காலித் தொட்டி என்று கொட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! ஒரு தடவை விரல் விட்டுத் துழாவிப் பாருங்கள்.