மைசூருவுக்குத் திட்டம் போடுவது யார்? சந்தேகங்களும் விளக்கங்களும்

2011 கணக்கெடுப்பின்படி மைசூரு நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 9,90,900. இன்னும் 9,100 பேர் இருந்திருந்தால் பத்து லட்சம். அரசியலமைப்புச் சட்டம் அந்தப் பத்து லட்சத்துக்குத் தனி மரியாதை தருகிறது. அதைத் தொட்ட நகரப் பகுதியைப் பெருநகரம் என்று ஆளுநர் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அங்கே பெருநகரத் திட்டக் குழு அமைத்தே ஆகவேண்டும். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட புதிய கணக்கெடுப்பில் மைசூரு இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அப்படி ஒரு குழு வந்தால் என்ன மாறும், என்ன மாறாது என்பது பற்றிப் பொதுமக்களிடம் உலவும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

'மூடா' இருக்கும்போது இன்னொரு குழு எதற்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. பிளேக் நோய் ஊரைப் புரட்டிப்போட்ட காலத்தை அடுத்து, 1903-ல் மைசூரில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் உருவானது. இந்தியாவில் இப்படிப்பட்ட அமைப்பு வந்த முதல் சில நகரங்களில் மைசூரும் ஒன்று. நெரிசலான தெருக்களைத் திறந்துவிடுவது, சாக்கடை அமைப்பது, புதிய குடியிருப்புகளை உருவாக்குவது ஆகியவை அதன் வேலை. 1987-ன் கர்நாடக நகர்ப்புற வளர்ச்சி ஆணையங்கள் சட்டத்தின் கீழ் 1988-ல் அந்த வாரியத்தின் இடத்தில் வந்ததுதான் 'மூடா' எனப்படும் மைசூரு நகர்ப்புற வளர்ச்சி ஆணையம். 2025-ல் அது மைசூரு வளர்ச்சி ஆணையம் ஆனது.

பெயர்ப்பலகை மாறினாலும் இரட்டை வேலை மாறவில்லை. நிலத்தைக் கையகப்படுத்தி, லேஅவுட் போட்டு, சைட் (வீட்டுமனை) ஒதுக்குவதும் இதே அமைப்பு. எந்த நிலம் எதற்கு என்று மாஸ்டர் பிளான் வரைவதும் இதே அமைப்பு. கடைக்காரரிடமே தராசு முத்திரை குத்தும் வேலையையும் கொடுத்த மாதிரிதான். 2024-ல் மாநில அரசியலையே உலுக்கிய சைட் ஒதுக்கீட்டு சர்ச்சையில் எல்லோரும் 'யாருக்கு எத்தனை சைட்' என்று கேட்டார்கள். சைட் ஒதுக்கும் இடத்திலேயே ஊரின் வரைபடமும் ஏன் இருக்கிறது என்ற கேள்வியை அவ்வளவு பேர் கேட்கவில்லை. சைட் எதையும் விற்காத, ஆனால் மாநகராட்சி, சுற்றியுள்ள பேரூராட்சிகள், கிராமங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஓர் அமைப்பு என்பதுதான் திட்டக் குழுவின் அடிப்படை எண்ணம்.

பத்து லட்சம் வராதவரை மைசூருவுக்கு எந்தக் குழுவும் கிடையாதா?

உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், 243 இசட்.டி. பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நகரமும் கிராமமும் தண்ணீரை எப்படிப் பகிர்வது, சாலையும் சாக்கடையும் எங்கே சேருவது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாவட்டக் குழுவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்களை உள்ளாட்சிகளில் தேர்வான உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெருநகரக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு. மைசூரு மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பதவிக்காலம் 2021-லேயே முடிந்தது. 65 வார்டுகள் கொண்ட மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தது. தேர்தலோ தள்ளிக்கொண்டே போனது. உறுப்பினர்களே இல்லாதபோது யாரை யார் தேர்ந்தெடுப்பது? எனவே பத்து லட்சம் என்ற எண்ணைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து ஆளுநரின் அறிவிப்பு நாளையே வந்தாலும், தேர்தல் இல்லாமல் குழுவின் பெரும்பாலான நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும்.

மக்கள் பிரதிநிதிகள் இல்லாவிட்டால் என்ன, அதிகாரிகள் போதாதா?

தனித்தனியாகப் பார்த்தால் அவரவர் வேலையை அதிகாரிகள் செய்துவிடுகிறார்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 118 கிலோமீட்டர், 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் ஏறக்குறைய பாதியானது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கணக்கில் அது முடிந்த வேலை. ஆனால் அந்தச் சாலை வந்து முட்டுவது மைசூருவின் வாசலில், வெளிவட்டச் சாலையைச் சந்திக்கும் மணிபால் மருத்துவமனை ஜங்ஷனில். விடுமுறை நாட்களில் அந்த சிக்னலில் நின்றிருப்பவர்களுக்கு, வழியில் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேம்பாலம் வேண்டும் என்ற பேச்செல்லாம் சாலை வந்த பிறகு சூடுபிடித்ததுதான்.

2023 ஆகஸ்ட் 1 முதல் விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்களுக்குத் தடை வந்தது. விபத்துகளைப் பார்த்தால் அது நியாயமான முடிவு. ஆனால் அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் சர்வீஸ் ரோட்டுக்கு வந்தார்கள். சர்வீஸ் ரோட்டில் ஒருவர் தன் ஊரிலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியது எந்த அலுவலகம்? இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை என்பதே திட்டக் குழு வேண்டும் என்பதற்கான காரணம்.

இந்தக் குழு ஆராய்ச்சி செய்யப்போகிறதா, ஃபைலில் கையெழுத்துப் போடப்போகிறதா?

எதிர்காலமே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் திட்டக் குழு என்றாலே ஆண்டுக்கு ஓரிரு முறை கூடி, துறைகள் அனுப்பிய பட்டியலை ஒட்டுப்போட்டு, டீ குடித்துக் கலைவது என்ற பழக்கம் வேரூன்றியிருக்கிறது. மைசூரு அந்த வழியில் போனால் இன்னொரு பெயர்ப்பலகைதான் மிச்சம்.

மைசூருவுக்குப் புதிய யோசனைகளில் பஞ்சமே இல்லை. 2012-ல் நகரப் பேருந்துகளில் ஜி.பி.எஸ். பொருத்தி, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்தில் பலகையில் காட்டிய ஏற்பாடு, நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. சில ஆண்டுகளில் பல பலகைகள் இருண்டுபோயின. 2017 ஜூன் 4 அன்று 450 சைக்கிள்களுடன் 'ட்ரின் ட்ரின்' வந்தது. அட்டையைக் காட்டி ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடலாம். அதுவும் நாடு திரும்பிப் பார்த்த திட்டம். 2016-ல் தூய்மை நகரப் பட்டியலில் மைசூருவுக்கு முதலிடம். அதே மைசூருவில்தான் வித்யாரண்யபுரம் 'சூயேஜ் ஃபார்மில்' பழைய குப்பை மலையாகக் குவிந்தது.

தொடங்கும்போது மேடை, மாலை, அமைச்சர். ஐந்து ஆண்டு கழித்து 'எதை எதிர்பார்த்தோம், எது நடந்தது, ஏன்' என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. 1961-ன் கர்நாடக நகர், ஊரமைப்புச் சட்டம் பத்தாண்டுக்கு ஒரு முறையாவது மாஸ்டர் பிளானைத் திருத்தச் சொல்கிறது. மைசூரு–நஞ்சன்கூடு பகுதிக்கு இப்போதுள்ள திட்டத்தின் இலக்கு ஆண்டு 2031. அடுத்த திட்டத்தைத் தொடங்கும் முன், 2031-க்காகப் போட்ட கணிப்பில் எது பலித்தது, எது பொய்த்தது என்று அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். பாதித் தவறுகள் அங்கேயே தெரிந்துவிடும்.

இது ஆகாத காரியம் அல்ல. இங்கிலாந்தில் பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களைத் திறந்த ஓராண்டிலும், மறுபடி ஐந்தாம் ஆண்டிலும் ஆய்வுசெய்து, சொன்ன பலன் கிடைத்ததா என்று அறிக்கை வெளியிடுகிறார்கள். ஜப்பானில் சிவில் பொறியாளர் சங்கத்துக்குள் உள்கட்டமைப்புத் திட்டமிடலுக்கென்றே ஓர் ஆய்வுக் குழு 1960-களிலிருந்து இயங்குகிறது. பேராசிரியர்களும் அரசுப் பொறியாளர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வாதிடுகிறார்கள். அதிகாரியின் கணக்கை மாணவர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும் காட்சியை நம் ஊர் ஆய்வுக் கூட்டத்தில் கற்பனை செய்து பாருங்கள்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே இருக்கிறார்கள்?

மைசூருவிலேயே இருக்கிறார்கள். மாநிலம் முழுவதும் உள்ள நகராட்சி ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் மாநில நகர்ப்புற வளர்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. மைசூரு பல்கலைக்கழகத்தில் நகர, வட்டாரத் திட்டமிடல் கற்பிக்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. திட்டக் குழு, ஆளுநர் குறிப்பிடும் நிறுவனங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கப் பத்து லட்சம் பேர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டக் குழுவுக்கே அது பொருந்தும்.

விஸ்வேஸ்வரய்யா காலத்தில் குழு எதுவும் இல்லாமலா வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் உருவாக்கினார்கள்?

அப்போதும் குழு இருந்தது. 1911-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் மைசூர் பொருளாதார மாநாடு தொடங்கியது. கல்வி, வேளாண்மை, தொழில்–வணிகம் என்று மூன்று குழுக்கள். அதிகாரிகளோடு வெளியாட்களும் உட்கார்ந்தார்கள். அப்போது தலைமைப் பொறியாளராக இருந்த விஸ்வேஸ்வரய்யாதான் அதன் உந்துசக்தி. 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் பல்கலைக்கழகம் என்று வந்தவற்றை இந்த மாநாட்டின் பேச்சுகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மன்னராட்சி என்பதால் முடிவெடுப்பது எளிது என்பதும் உண்மைதான்.

நிபுணர் குழு என்றால் மேலிடம் விரும்புவதை எழுதித் தருவதுதானே?

இந்தச் சந்தேகம் நியாயமானது. மைசூருவின் பாரம்பரியக் கட்டடங்களையே பாருங்கள். 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு தரப்பு நிபுணர்கள். பழுதுபார்த்துக் காப்பாற்றலாம் என்று பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் உள்ளிட்ட இன்னொரு தரப்பு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மார்க்கெட்டில் பூவும் வெற்றிலையும் விற்பவர்களோ எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் அதே கூரையின் கீழ் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். குழுவின் அறிக்கையோடு அது பயன்படுத்திய அளவீடுகளும் பொதுவெளிக்கு வரவேண்டும் என்று விதி இருந்தால், எழுதித் தருவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

மைசூரு பெருகினால் காவிரியில் நமக்கு வரும் தண்ணீர் குறையாதா?

தமிழ் வாசகர்களின் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். மைசூரு குடிப்பது காவிரியும் கபினியும்தான். ஹொங்கள்ளி, பெலகொளா, மேலாபுரா நீரேற்று நிலையங்கள் காவிரியிலிருந்து எடுக்கின்றன. ஆனால் குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதத்தை மட்டுமே காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில் நுகர்வாகக் கணக்கிட்டது. மீதி கழிவுநீராகத் திரும்பி வருகிறது என்பது அந்தக் கணக்கு. எனவே மைசூரு எவ்வளவு எடுக்கிறது என்பதைவிட எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதைத்தான் கீழ்மடைக்காரர்கள் உற்றுப்பார்க்க வேண்டும். ராஜகாலுவே என்று இங்கே அழைக்கப்படும் மழைநீர்க் கால்வாய்களில் சாக்கடை கலந்தால், வித்யாரண்யபுரம், கேசரே, ராயனகெரே சுத்திகரிப்பு நிலையங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. இது ஒரு நகராட்சியின் தனி விவகாரமல்ல. ஹூட்டகள்ளி நகராட்சியையும் போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா பேரூராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்க்கும் யோசனையில் முதலில் பேசப்பட வேண்டியது சாக்கடைச் சரிவுதான். பேசப்படுவதோ பெரும்பாலும் வார்டு எல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை எப்படி?

2011-ல் திருச்சி 10.22 லட்சத்தோடு கோட்டைத் தாண்டியது, சேலம் 9.17 லட்சத்தில் நின்றது. கோவை 21 லட்சத்தைத் தாண்டிய பிறகும் 1994-ல் ஒப்புதலான மாஸ்டர் பிளானை வைத்தே நெடுங்காலம் ஓட்டியது. பக்கத்து வீட்டைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நாமும் இல்லை.

மைசூருவில் சைட் வாங்கியிருக்கிறேன். எனக்கு இதனால் என்ன?

மாஸ்டர் பிளான் வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் விழுகிறது என்று பாருங்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், பச்சை பூங்கா அல்லது திறந்தவெளி. ரெவின்யூ சைட்டாக (விவசாய நிலத்தில் முறையான ஒப்புதலின்றிப் பிரித்த மனையாக) இருந்து, பி-கத்தா என்ற நகராட்சிச் சொத்துப் பதிவு கையில் வந்திருந்தாலும், அது வரி கட்டுவதற்கான பதிவுதான். வரைபடத்தின் நிறத்தை அது மாற்றிவிடாது. புதிய வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. வாயால் சொன்னால் கணக்கில் வராது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.