கையில் ஏஸ்-கிங் இருந்தும் ஃபோல்டு செய்யலாமா? சின்ன போக்கர் டோர்னமென்டின் கணக்கும், கொல்கத்தாவின் 1957 சட்டமும்

27 பேர், 3 டேபிள்களில் தொடங்கிய ஒரு ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட். இப்போது மிச்சம் 4 பேர்தான். கணக்கு எளிதாக இருக்க, பரிசு 3 பேருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரிடமும் சமமான சிப்ஸ். ஒருவர் தன் சீட்டைக்கூடப் பார்க்காமல் மொத்தத்தையும் நடுவில் தள்ளுகிறார். உங்கள் கையில் ஏஸ்-கிங். கால் செய்வீர்களா?

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றுதான் பலரும் கேட்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், கால் செய்வதும் ஃபோல்டு செய்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதிராளி சீட்டைப் பார்த்து, ஓரளவு நல்ல கையோடு தள்ளியிருந்தால் ஃபோல்டுதான் சரி.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நம் நீதிமன்றங்கள் பல வருடங்களாகக் கேட்டு வரும் கேள்வியின் ஒரு பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு வெகு சீக்கிரமே பதில் எழுதி வைத்த ஊர் கொல்கத்தா. முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம், சட்டத்துக்குப் பிறகு வரலாம்.

சிப்ஸ் வேறு, பணம் வேறு

சாதாரண கேஷ் கேமில் 100 ரூபாய் சிப்ஸுக்கு மதிப்பு 100 ரூபாய்தான். டோர்னமென்டில் அப்படி இல்லை. மொத்த சிப்ஸும் உங்களிடம் வந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது முதல் பரிசு மட்டுமே. இரண்டாவது, மூன்றாவது பரிசு வெளியேறியவர்களுக்குப் போய்விடும்.

மேலே சொன்ன டேபிளில் பரிசுத் தொகை ₹2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்: ₹1,000, ₹600, ₹400. நான்கு பேரும் சமம் என்பதால் ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் ₹500. இப்போது கால் செய்து ஜெயித்தால் உங்கள் சிப்ஸ் இரட்டிப்பாகும். ஆனால் மதிப்பு ₹1,000 ஆகாது. முதலிடம் வர 50%, இரண்டாமிடம் வர 33%, மூன்றாமிடம் வர 17% வாய்ப்பு. கூட்டினால் சுமார் ₹767. தோற்றால் பூஜ்யம்.

அதாவது ₹267 லாபத்துக்காக ₹500-ஐப் பணயம் வைக்கிறீர்கள். இது கட்டுப்படியாக வேண்டுமென்றால் 65%-க்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். எந்த இரண்டு சீட்டோடும் தள்ளுபவருக்கு எதிராக, வெவ்வேறு ஜாதி ஏஸ்-கிங்குக்கு இருக்கும் வாய்ப்பும் சுமார் 65% தான்!

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நீங்கள் இருவரும் மோதும்போது, மற்ற இருவரும் ஒரு சீட்டும் ஆடாமலேயே ஆளுக்கு ₹500-லிருந்து சுமார் ₹617-க்குப் போய்விடுகிறார்கள். பரிசுக்கு ஒரு இடம் முன்னால் இருக்கும் இந்தக் கட்டத்துக்கு 'பபிள்' என்று பெயர். சண்டையை வேடிக்கை பார்ப்பவருக்கே இங்கு லாபம்.

இந்தக் கணக்குமுறைக்கு ஐசிஎம் என்று பெயர். இதன் அடிப்படைச் சூத்திரம் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. எந்தக் குதிரை இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் என்று கணிக்க 1973-ல் டேவிட் ஹார்வில் எழுதிய முறையை, பிறகு மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

அப்போ பயந்து பயந்து ஆடணுமா?

இல்லை. இங்குதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். கால் செய்யத்தான் 65% வேண்டும். முதலில் தள்ளுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் எதிராளி ஃபோல்டு செய்தாலே அவருக்கு வெற்றி. ஆக, பபிளில் ஆல்-இன் தள்ளும் பட்டியல் அகலமாகவும், கால் செய்யும் பட்டியல் மிகக் குறுகலாகவும் இருக்க வேண்டும். பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர், நடுத்தர ஸ்டாக்காரர்களைத்தான் அதிகம் மிரட்டுவார். அவர்களுக்குத்தான் இழக்க நிறைய இருக்கிறது.

சின்ன டோர்னமென்டில் இந்தத் தருணம் சீக்கிரமே வந்துவிடும். 27 பேர், ஆளுக்கு 1,500 சிப்ஸ். 9 பேர் மிச்சம் இருக்கும்போது சராசரி ஸ்டாக் 4,500. அப்போது பிளைண்டு 200/400 என்றால், சராசரி ஆளிடமே 11 பிக் பிளைண்டுதான் இருக்கும். அந்த அளவில் அழகான பிளஃப், மூன்று சுற்று நாடகம் எதற்கும் இடமில்லை. 10 பிக் பிளைண்டுக்குக் கீழே வந்தால் இரண்டே வழி: ஆல்-இன் அல்லது ஃபோல்டு. பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்ந்து நடுவில் இரண்டரை பிக் பிளைண்டு கிடக்கிறது என்றால், சண்டையே இல்லாமல் அதை எடுத்தாலே 10 பிளைண்டு ஸ்டாக் கால் பங்கு வளர்ந்துவிடும். நல்ல கைக்காக மூன்று சுற்று காத்திருந்தால் ஸ்டாக் கரைந்து, உங்கள் ஆல்-இன்னைப் பார்த்து யாரும் பயப்படாத நிலை வந்துவிடும்.

தொடக்கக் கட்டம் இதற்கு நேர்மாறு. 75 பிளைண்டு இருக்கும்போது எல்லாரும் அவசரப்படுவார்கள். நீங்கள் பொறுமையாக, நல்ல கைகளை மட்டும் ஆடினால் போதும். அவ்வளவுதான்.

திறமை இருந்தும் தோற்பது ஏன்?

27 பேரில் 3 பேருக்குப் பரிசு என்றால், சராசரி ஆட்டக்காரர் 20 டோர்னமென்ட் ஆடியும் ஒரு பரிசுகூட வாங்காமல் போக கிட்டத்தட்ட 10-ல் 1 வாய்ப்பு இருக்கிறது. நல்ல ஆட்டக்காரருக்கும் இந்த வறட்சி வரும். அதனால்தான் நுழைவுக் கட்டணத்தைப் போல குறைந்தது 100 மடங்கு தனியாக ஒதுக்கி வைக்காமல் ஆடாதீர்கள் என்பார்கள். மாதச் சம்பளக்காரர்கள் இஎம்ஐ பணத்தைத் தொடும் இடமும் இதுதான்.

இதற்கு மேல் தளத்தின் கட்டணம், 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் 30% டிடிஎஸ், அதே வருடம் அக்டோபர் முதல் டெபாசிட்டில் 28% ஜிஎஸ்டி. என் கணிப்பில், சின்ன டோர்னமென்டில் நல்ல ஆட்டக்காரருக்கு இருந்த மெல்லிய லாபத்தை இவையே பெரும்பாலும் தின்றுவிட்டன.

கொல்கத்தாவில் என்ன சட்டம்?

மேற்கு வங்கத்தின் 1957-ம் ஆண்டு சூதாட்டம் மற்றும் பரிசுப் போட்டிகள் சட்டம், சூதாட்டம் என்பதன் விளக்கத்திலிருந்து பிரிட்ஜ், போக்கர், ரம்மி, நேப் போன்ற சீட்டாட்டங்களைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்தது. 2019-ல் இந்தியன் போக்கர் அசோசியேஷன் தொடர்ந்த வழக்கில், கல்கத்தா உயர் நீதிமன்றமும் இந்த விலக்கை உறுதி செய்தது. இந்தியாவின் முதல் தலைமுறை ஆன்லைன் டோர்னமென்ட் வீரர்களில் ஒருவரான ஆதித்ய அகர்வால் கொல்கத்தாக்காரர்தான். சீட்டாட்டத்துக்கு அங்கே ஒரு மரியாதையும் உண்டு: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் தங்கம் வென்ற பிரணப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இருவருமே வங்காளிகள்.

தமிழ்நாட்டின் பாதை வேறு. ஆன்லைன் ரம்மியால் கடனில் மூழ்கிய தற்கொலைகளுக்குப் பிறகு, 2022-ல் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. ஆனால் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதியை, 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு பாதையும் 2025 ஆகஸ்டில் ஒரே சுவரில் முட்டின. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்பதில்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடும் எதுவும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, ₹50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. போக்கர்பாஸி, அடா52 போன்ற இந்தியத் தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

"விபிஎன் போட்டு வெளிநாட்டு சைட்ல ஆடலாமே?" என்பவர்களுக்கு ஒன்று. அங்கே பணம் முடங்கினால் புகார் கொடுக்க இந்தியாவில் ஆளில்லை. 65% கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்கு அது உதவாது.

இந்தச் சட்டத்துக்கு எதிராகப் பல உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. தடை ஆன்லைனுக்கு மட்டும்தான். நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையைப் பொறுத்தவரை, மேற்கு வங்கத்தில் 1957 சட்டத்தின் விலக்கை இந்தப் புதிய சட்டம் தொடவில்லை.