கேபினெட் வாங்கும் முன் திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களிடம் ப்ராசசர், ராம், எஸ்எஸ்டி பற்றிக் கேள்விகள் நிறைய இருக்கும். கேபினெட் என்று பேச்சு வந்ததும் இரண்டே பதில்தான். பனியன் கம்பெனிக்காரர், "ஏதோ ஒண்ணு போட்டு விடுங்க, டேபிளுக்கு அடியில தானே கெடக்கப் போகுது" என்பார். கல்லூரிப் பையன், "அக்கா, லைட்டு எரியற மாதிரி எடுத்துக் குடுங்க்கா" என்பான். திருப்பூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து சர்வீஸும் பார்க்கிற எனக்கு இரண்டு பதிலுமே வருத்தம் தருகின்றன. உள்ளே பூட்டுகிற அத்தனை பாகங்களும் எவ்வளவு சூட்டில், எவ்வளவு தூசியில் வாழப்போகின்றன என்பதை அந்த இரும்புப் பெட்டிதான் முடிவு செய்கிறது.

எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு மிதக்கிறது. நிட்டிங் மெஷின் ஓடும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் சில மாதம் ஓடிய கம்ப்யூட்டரைத் திறந்தால், ப்ராசசர் கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு அடைந்து, விரலால் உரித்தெடுக்கும் பதத்தில் இருக்கும். ஒரே மதர்போர்டு, ஒரே ப்ராசசர் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று நன்றாக ஓடும். மற்றொன்று மத்தியானம் ஆனால் திணறும். திறந்து பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கிறது. அதனால் ஒரு கேபினெட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று, நான் பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

காற்று எங்கே நுழைகிறது?

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கணக்கு எழுதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரியான பெரிய கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது அது ஒன்றே 450 வாட் வரை எடுக்கும். அந்தச் சூடு பெட்டிக்குள்ளேயே தங்கினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. மதர்போர்டிலும், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்களுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. வெளிக்காற்றை விடக் குளிர்ந்த காற்றை எந்த ஃபேனாலும் தர முடியாது. சித்திரை வெயிலில் அறையே கொதிக்கிற ஊரில், உள்ளே புகுந்த காற்று தாமதிக்காமல் வெளியேறியாக வேண்டும்.

நம் பழைய வீடுகளில் வாசலும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கேபினெட்டிலும் அதே கணக்குதான். முன்பக்கத்திலும் அடியிலும் இருந்து காற்று உள்ளே வர வேண்டும். பின்பக்கமும் மேலேயும் வெளியே போக வேண்டும். முன்னே மூன்று கலர் ஃபேன்களை வைத்துவிட்டு அவற்றின் முகத்தை முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டிகள் கடைகளில் நிறைய. காற்று ஓரத்தில் உள்ள விரல் அகலச் சந்து வழியே வளைந்து நுழைய வேண்டியிருக்கும். ஃபேன் சத்தமாகச் சுற்றும், காற்று குறைவாக வரும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். முன்பலகையைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். சிறு துளைகள் வழியாக வெளிச்சம் பரவலாகத் தெரிந்தால் காற்றும் போகும். வெளிச்சமே வராத பலகையின் பின்னால் எத்தனை ஃபேன் வைத்தாலும் பெரிய பயன் இல்லை.

பெரிய கம்பெனிகளும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. 2013-இல் ஆப்பிள் கொண்டுவந்த மேக் ப்ரோ கம்ப்யூட்டர் ஒரு கறுப்பு உருளை. உயரம் சுமார் 25 செ.மீ., குறுக்களவு 17 செ.மீ.கூட இல்லை. நடுவில் முக்கோண வடிவ உலோகத் தண்டு; அதன் பக்கங்களில் ப்ராசசரும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளும்; மேலே ஒரே ஃபேன். சூடு மூன்று பக்கமும் ஓரளவு சமமாகப் பிரியும் என்று நம்பிய வடிவம் அது. பிறகு வந்த காலத்தில் ஒரே பெரிய கிராஃபிக்ஸ் சிப்பில் சக்தியைக் குவிக்கும் வழக்கம் வலுத்தது. அந்தச் சூட்டை உருளையால் தாங்க முடியவில்லை. சூடு விஷயத்தில் தாங்களே தங்களை மூலையில் நிறுத்திக்கொண்டதாக ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி 2017-இல் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 2019-இல் வந்த அடுத்த மேக் ப்ரோ மறுபடியும் செவ்வகப் பெட்டி. முன்முகம் முழுவதும் துளைகள், அதன் பின்னால் மூன்று பெரிய ஃபேன்கள். மேல் கைப்பிடியைத் திருகித் தூக்கினால் உறை முழுதும் தனியே வந்துவிடும். அந்த முகத்தின் அழகே காற்றுத் துளைகள்தான்.

அழகும் காற்றும் சேர்ந்து வந்ததற்கு இன்னொரு உதாரணம், ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் 2022-இல் வெளியிட்ட நார்த் என்ற கேபினெட். முன்னே வால்நட் அல்லது ஓக் மரச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே இடைவெளி, பின்னால் நுண்ணிய மெஷ், இரண்டு 140 மி.மீ. ஃபேன்கள். வரவேற்பறையில் வைத்தாலும் மரச்சாமான்களோடு ஒத்துப்போகிறது. முன் ஃபேன் போட்ட நிலையிலும் 355 மி.மீ. நீளக் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும், 170 மி.மீ. உயரக் கூலருக்கும் இடம் உண்டு. பின்னால் ஃபேனுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஃபேனை நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். வீட்டுக்கும் சுத்தமான அலுவலகத்துக்கும் தயங்காமல் சொல்வேன். பஞ்சு பறக்கும் கூடத்துக்கு, சட்டங்களின் இடுக்கைத் துடைப்பது கூடுதல் வேலை என்பதால், வெறும் மெஷ் முகத்தையே சொல்வேன்.

தூசியை எங்கே நிறுத்துவது?

காற்று வரும் வழியில்தான் தூசியும் வரும். அதைத் தடுக்க முடியாது. எந்த இடத்தில் படியவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். உள்ளே தள்ளும் ஃபேன்களின் பலம், வெளியே இழுக்கும் ஃபேன்களை விடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடி, சந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியும். தூசிக் காற்று ஃபில்ட்டர் உள்ள வாசல் வழியாக மட்டுமே நுழையும். இழுக்கும் ஃபேன்கள் அதிகமானால் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உள்ளே உறிஞ்சும்.

ஃபில்ட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, அதைக் கழற்றிப் பாருங்கள். காந்தப் பட்டையோடு ஒட்டியிருந்தாலோ இழுத்தால் நழுவி வந்தாலோ, வீட்டில் யார் வேண்டுமானாலும் வாரம் ஒருமுறை தட்டி மாட்டிவிடலாம். நாலு ஸ்க்ரூ கழற்ற வேண்டிய ஃபில்ட்டரை யாரும் தொடுவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடியில் உள்ள ஃபில்ட்டர் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் முக்கியம். பின்பக்கமாக மட்டும் வந்தால், வயர்களோடு பெட்டியையே இழுத்துப் போட வேண்டும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ வருவது நல்ல வடிவமைப்பு.

பின்புறம் கார்டுகளுக்கான நீளப் பட்டைகளையும் பாருங்கள். மலிவான பெட்டிகளில் அவை தகட்டோடு ஒட்டியே இருக்கும். ஒருமுறை முறித்து எடுத்தால் திரும்ப மாட்ட முடியாது. பிறகு கார்டைக் கழற்றினால் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். பல்லியும் கரப்பானும் எறும்பும் அந்த வழியாகத்தான் குடியேறுகின்றன. மதர்போர்டில் ஒட்டிக் கருகிய பல்லிகளைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஸ்க்ரூ போட்டுத் திரும்ப மூடும் பட்டை உள்ள பெட்டியையே வாங்குங்கள்.

அளவும் ஆயுளும்

கேபினெட்டின் பெரிய பலம், அது மற்ற பாகங்களை விட நீண்ட நாள் இருக்கும் என்பது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில், 305-க்கு 244 மி.மீ. போர்டில் ஸ்க்ரூத் துளைகள் எங்கெங்கே வரவேண்டும் என்பது தீர்மானிக்கப்பட்டது. 1997-இல் 244-க்கு 244 மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. 2001-இல் வியா நிறுவனம் 170-க்கு 170 மினி ஐடிஎக்ஸைக் கொண்டுவந்தது. துளைகளின் இடங்கள் பொதுவாக ஒத்துப்போவதால், பழைய ஏடிஎக்ஸ் பெட்டியில் இன்றைய மதர்போர்டு உட்காரும். ப்ராசசரை மாற்றினாலும் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். சொந்த அளவில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் செய்து விற்கும் ரெடிமேட் கம்ப்யூட்டர்களில் அந்த வசதி கிடைக்காது.

கடைக்குப் போகும்போது டேப் கொண்டு போங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டு தட்டுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டராவது இடம் இருந்தால்தான் வயர்கள் காற்றை மறிக்காமல் பின்னால் ஒதுங்கும். அந்தத் தட்டில் ப்ராசசருக்கு நேரே பெரிய ஜன்னல் வெட்டியிருந்தால், கூலரை மாற்றப் பல நேரங்களில் போர்டையே கழற்ற வேண்டியிராது. முன்பக்க டைப்-சி போர்ட் வேண்டுமானால், மதர்போர்டில் அதற்கான சாக்கெட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பவர் பட்டன் மேலே இருக்கும் பெட்டி தரையில் வைக்க வசதி. மேஜைத் தட்டுக்குள் செருகி வைக்கிறவர்களுக்குத் தொல்லை.

தகடு, கண்ணாடி, எர்த்

பக்கக் கதவைக் கழற்றி, உள்விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். மடித்துச் சுருட்டிய விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். வெட்டிய விளிம்பை அப்படியே விட்டிருந்தால் கையைக் கீறும். கதவின் நடுவில் அழுத்திப் பாருங்கள். படக்கென்று உள்ளே போய் வருகிற மெல்லிய தகடு, ஃபேன் சுற்றும்போது அதிர்ந்து சத்தம் போடும்.

டெம்பர்டு கண்ணாடிக் கதவு பார்க்க நன்றாக இருக்கும், நடுவில் தட்டினாலும் எளிதில் உடையாது. ஓரம்தான் அதன் பலவீனம். கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் நிறுத்தி வைத்தால் முனை பட்டு முழுக்கத் தூள்தூளாகிவிடலாம். துணியோ அட்டையோ விரித்து, படுக்க வையுங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு இரும்புக் கதவே போதும்.

"பெட்டியைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுங்க, வேற கேபினெட் மாத்திக் குடுங்க" என்று அடிக்கடி வருகிறார்கள். பெட்டியை மாற்றித் தீராது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கப்பாசிட்டர்கள் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால் உடலில் சுமார் 115 வோல்ட், அதாவது பாதி மின்னழுத்தம் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று அது எச்சரிக்கிறது. உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பாதுகாப்பு என்பது ஒரு ஸ்க்ரூ வரை பார்க்க வேண்டிய விஷயம். என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய, அழகான கேபினெட் 2021-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. உள்ளே கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் ரைசர் போர்டைப் பெட்டியோடு பிடித்திருந்த இரண்டு உலோக ஸ்க்ரூக்கள், போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஏற்படுத்தித் தீப்பிடிக்க வாய்ப்பு இருந்தது. கதவில் தெரியும் அழகை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த ஸ்க்ரூ தெரிந்திருக்காது.

பணத்தை எதில் போடுவது?

குறைந்த விலையில் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்தே விற்கும் கேபினெட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது எஸ்எம்பிஎஸ்தான். தரமானதைத் தனியே தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

கணக்கு, பில் போடுவது, பிள்ளைகளின் படிப்பு இவற்றுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டி போதும். மெஷ் முகம், முன்னே ஒன்று, பின்னே ஒன்றாக 120 மி.மீ. ஃபேன்கள், கழற்றித் தட்டக்கூடிய ஃபில்ட்டர் இருந்தால் நிறைவு. டிசைன், வீடியோ எடிட்டிங், கேமிங் என்றால் முழு ஏடிஎக்ஸ் பெட்டி, முன்னே இரண்டு 140 மி.மீ. அல்லது மூன்று 120 மி.மீ. ஃபேன், பின்னே ஒன்று. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தரும், சத்தமும் குறையும். கலர் லைட் பிடித்தவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், காற்றுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு.

ஐந்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்து துடைக்கப்போவது நீங்களோ உங்கள் பிள்ளையோதான். அதனால் வாங்கும்போதே கதவைக் கழற்றுங்கள், ஃபில்ட்டரை இழுங்கள், விளிம்பைத் தடவுங்கள், பலகையை வெளிச்சத்தில் பிடியுங்கள். பத்து நிமிட வேலை. கழற்றிக் காட்டத் தயங்குகிற கடையில் கேபினெட் வாங்க வேண்டாம்.